பெயருக்கு மறுமொழி சொல்பவர் யார்?

ஒன்றைப் பெயர் சொல்லி அழைக்கிறோம்; அழைப்புக்கு மறுமொழி வருகிறது. மறுமொழி தந்தது அழைக்கப்பட்ட அதுவேதானா, அதன் பொருட்டு வேறொன்றா, அழைப்பதற்கு முந்திய கணம்வரையில் அது எங்கே இருந்தது என்னும் கேள்விகளை, நம் நாட்டில் கோயில்கள் தோன்றிய நாள்முதலாக ஆசாரியர்களும் சாமானிய பக்தர்களும் தத்தம் வழியில் விசாரித்தே வந்திருக்கிறார்கள். கல்லிலும் சுதையிலும் எழுந்தருளும் தெய்வத்தைக் குறித்துப் பிறந்த அந்த விசாரணை, இணையம் என்ற பெயரில் இன்று ஊர்தோறும் வந்து சேர்ந்திருக்கும் யந்திரப் பின்னலைக் குறித்தும் எழுவது நியாயமே. ஏனெனில், அந்தப் பின்னலில் நடக்கும் காரியம் முழுவதையும் சுருக்கிப் பார்த்தால், ஒருவர் ஒரு பெயரைச் சொல்லி அழைப்பதும் எங்கோ ஒருவர் அதற்கு மறுமொழி தருவதுமாகவே அது முடிகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரை அடுத்துக் கரிசல் காட்டின் நடுவே இருக்கிறது அச்சங்குளம். மானாவாரி நிலம் கைவிட்ட வருஷங்களில் அந்தப் பக்கத்து ஜனங்களைத் தாங்கியவை தீப்பெட்டி ஆபீஸும், பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையுமே. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கிருந்த பட்டாசு ஆலை ஒன்றில் மருந்து வெடித்து, தீ அறைவிட்டு அறை தாவி, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒருவரும் முறையிடுமுன் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அன்றுமுதல், வெளியூர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் அச்சங்குளம் என்று எழுதித் தேடினால், பெரும்பாலும் அந்த நாளே முன்னால் வந்து நிற்கிறது. அந்த ஊரின் கண்மாயும் கோயிலும் அங்கு வாழ்ந்து முடிந்த தலைமுறைகளும் அந்த ஒற்றை நாளுக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. அழைத்தது ஊரின் பெயரை. மறுமொழி சொல்பவர்களோ ஊரைப் பற்றி எழுதிச் சென்ற பிறர். இது எப்படி நேர்கிறது என்பதை அறிய, அந்தப் பின்னல் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதை ஒருபோதும் படித்திராதவரும் பின்தொடரும்படி சொல்லப் பார்க்கிறேன்.

இணையத்தில் சேரும் யந்திரங்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது எண்ணைக்கொண்டு. பழைய முறைப்படி அந்த எண் நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் பூஜ்யத்திலிருந்து 255 வரை போகலாம். ஆகையால் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளுக்குமேல் அதில் இடமில்லை. உலகத்தின் தேவைக்கு அது போதாமற்போனதால், அதனினும் மிக நீண்ட எண்முறை ஒன்றும் இப்போது வழக்கில் இருக்கிறது. அனுப்பப்படும் செய்தி எதுவாயினும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டும் அனுப்புபவரின் எண்ணையும் பெறுபவரின் எண்ணையும் தலையில் சுமந்துகொண்டு, ரூட்டர் என்னும் சந்திப்புகள்தோறும் வழி கேட்டு, சமயத்தில் வெவ்வேறு பாதைகளிற்கூடப் பிரிந்து சென்று, போய்ச் சேருமிடத்தில் மறுபடி ஒன்றுகூடுகிறது. இந்த ஏற்பாட்டை 1974-இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் எழுதி வெளியிட்டார்கள். 1983 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் ஆதிப் பின்னல் முழுவதும் அதற்கு மாறிற்று.

எண் யந்திரத்துக்குப் போதும். மனிதனுக்குப் பெயர் வேண்டும். ஆதியில் எல்லா யந்திரங்களின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலாக எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு சிறு குழுவினால் காக்கப்பட்டு வந்தது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பின்னல் பெருகப் பெருக அது தாங்காமல், 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வேறொரு முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். எனப்படுவது. அதன் அழகு என்னவென்றால், அதில் எல்லாம் அறிந்தவர் ஒருவரும் இல்லை. நம் கைப்பேசி ஒரு பெயரைக் கேட்டதும், அதற்காக விசாரித்துச் சொல்லும் பணியிலிருக்கும் யந்திரம் முதலில் மூலஸ்தானத்தில் இருப்பவரிடம் போகிறது. ‘அந்தப் பெயரை நான் அறியேன், ஆனால் “இன்” என்று முடியும் பெயர்களைக் காப்பவர் இன்னார்’ என்கிறார் அவர். இரண்டாமவரும் அறியார், அந்தக் குறிப்பிட்ட பெயருக்குப் பொறுப்பேற்ற நேம் சர்வரைச் சுட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அங்கேதான் எண் கிடைக்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகின்றன. அறியாமையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அறிந்தவரை மட்டும் பொய்யாமல் காட்டுவோரின் வரிசையொன்று உலகம் முழுவதையும் தாங்கி நிற்கிறதென்பதை நினைக்கையில், ‘நான் சொல்வதன்று, என் ஆசிரியர் சொன்னது’ என்று தொடங்கும் நம்முடைய குரு பரம்பரையின் விநயம் எனக்கு நினைவுக்கு வராமலிருப்பதில்லை.

எண் கிடைத்த பிறகு அந்த எண்ணுக்குரிய யந்திரம் விழித்திருக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜினீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் மேஜைமேல் இருந்த ஒரு கணினியையே உலகின் முதல் வலைச் சர்வராக ஆக்கினார். யாரேனும் அறியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, இது சர்வர், இதை நிறுத்தாதீர்கள் என்னும் பொருள்படக் கையால் எழுதி அதன்மேல் ஒட்டியும் வைத்தார். ஆகாசத்தில் மிதப்பதாக நாம் கற்பனை செய்துகொள்ளும் அந்த உலகம் அன்றைக்கு ஒரே ஒரு மேஜையின்மேல் இருந்தது. ஒரு விரல் தவறிப் பட்டிருந்தால் அது இல்லாமற்போயிருக்கும். இன்றும் தத்துவம் மாறவில்லை. அச்சங்குளத்து இளைஞர் ஒருவர் தம் ஊருக்கென ஒரு வலைப்பக்கம் எழுதி அதைத் தம் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டால் பிறர் அதைக் காண இயலாது. கைப்பேசிக்கு நிலையான எண் கிடையாது, வெளியிலிருந்து வரும் அழைப்புகள் அதைச் சென்றடையும் வழியும் பெரும்பாலும் இல்லை, சார்ஜ் தீர்ந்தால் அதுவும் உறங்கிவிடும். ஆகவே, இரவும் பகலும் மின்சாரமும் குளிர்ச்சியும் குறையாத கூடத்தில், நிலையான எண்ணுடன் விழித்திருக்கும் ஒரு யந்திரத்தில் கொஞ்சம் இடத்தை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இதுவே ஹோஸ்டிங். ஒரே யந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வது மலிவு. சிறிய ஊருக்கு அது தாராளமாகப் போதும்.

ஆரம்பத்தில் இதில் இறங்குகிறவர்கள் பெயரையும் இடத்தையும் ஒன்றென்று மயங்குவது உண்டு. இரண்டும் வேறு, இரண்டுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும், இரண்டையும் ஒரே கடையில் வாங்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. பெயரை ‘வாங்கினேன்’ என்று சொல்வதுகூட வழக்கேயொழிய உண்மையன்று. ஓர் ஆண்டுக்கோ, அதிகம் போனால் பத்து ஆண்டுகளுக்கோ அது குத்தகைக்குக் கிடைக்கிறது. ஒருவராலும் அதைச் சாசுவதமாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. இடத்தை மாற்றினாலும் பெயர் நம்மிடமே இருக்கும். நேம் சர்வரில் எண்ணை மட்டும் திருத்தினால் ஆயிற்று. ஆனால் பழைய எண்ணை முன்பே கேட்டு வைத்துக்கொண்ட யந்திரங்கள், குறித்த அவகாசம் தீரும்வரை அதையே நம்பிக்கொண்டிருக்கும். அந்த அவகாசம் ஒரு நாளாக இருந்தால், அந்த ஒரு நாள் சிலர் பழைய வீட்டையும் சிலர் புதிய வீட்டையும் காண்கிறார்கள். இருவர் காண்பதும் அவரவருக்குப் பிரத்தியட்சமே. தமக்குத் தெரிவதே எல்லாருக்கும் தெரிகிறது என்று நிச்சயமாய்ப் பேசுகிறவர்கள் இந்த ஒரு நாளைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இனித் தத்துவத்துக்கு வருவோம். இவ்வளவையும் கேட்ட ஒருவர், ‘சரி, அந்தப் பக்கம் எங்கேதான் இருக்கிறது?’ என்று வினவினால் என்ன சொல்வது? கூடத்து யந்திரத்தில் இருப்பது மின்னணுக் குறிகள். அவை பக்கமாகத் தோன்றுவதில்லை. கம்பியில் ஓடுவன துண்டுகள். நம் கண்ணாடித் திரையில் தெரிவது அந்தக் கணத்தில் புனையப்பட்ட ஒரு சித்திரம். பெயரோ குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. பாலி மொழியில் வழங்கும் மிலிந்த பஞ்ஹ நூலில், தேர் எங்கே இருக்கிறது, சக்கரத்திலா அச்சிலா நுகத்திலா என்று நாகசேனர் யவன அரசனைத் திகைக்கச் செய்த முறையில் பார்த்தால், பக்கம் என்பது இவை அனைத்தின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என்று முடிக்கலாம். சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகனுக்கு உபதேசித்த முறையில் இன்னும் உள்ளே போனால், குடமும் சட்டியும் மண்ணேயானாற்போல, இணையத்தில் உலவும் கீர்த்தனமும் வசவும், கல்யாணப் படமும் சாவுச் செய்தியும் எல்லாம் பூஜ்யம், ஒன்று என்ற இரு குறிகளின் விகாரங்களே, வேற்றுமையெல்லாம் நாமரூபத்தில்தான் என்றும் சொல்லலாம். நமக்கு முந்திய தலைமுறைகளில் எவருக்கும் அத்வைதத்தின் இந்தப் பாடத்துக்கு இத்தனை கண்கூடான நிரூபணம் கிடைத்ததில்லை.

ஆனாலும் என் மனம் அங்கே நிலைகொள்ள மறுக்கிறது. பட்டாசு விளம்பரமும், அந்தப் பட்டாசைச் செய்யப்போய் மாண்ட பெண்ணின் புகைப்படமும் குறிகளின் அளவில் ஒன்றேதான். இந்த வாக்கியம் சத்தியமானது. அந்தப் பெண்ணின் தாய்க்கு முன்னால் சொல்லத் தகாதது. எது தாயின் முன்னால் சொல்லத் தகாததோ அது சத்தியத்தின் முழு வடிவமாக இராது என்று நம்புகிறவன் நான். ஆகவே, வேற்றுமையை நாமரூபமென்று தள்ளிவிடாமல், நாமத்துக்கும் ரூபத்துக்கும் உள்ளே ஒன்று நிஜமாகவே வந்து தங்குகிறது என்று சொன்ன மற்றொரு மரபைத் துணைக்கு அழைக்கிறேன்.

அந்த மரபுக்கு அச்சங்குளத்தைச் சுற்றியே சாட்சிகள் உண்டு. காசியிலிருந்து ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன் கொண்டுவந்த லிங்கத்தைச் சுமந்த பசு, தென்காசி போய்ச் சேருமுன் வழியில் ஓரிடத்தில் நின்று நகர மறுத்துவிட்டதாகவும், அங்கேயே பிரதிஷ்டை நடந்து அவ்வூர் சிவகாசி ஆயிற்றென்றும் ஐதிகம். வைப்பாறும் அர்ஜுனா நதியும் கூடுமிடத்திலுள்ள இருக்கன்குடி மாரியம்மனைப் பற்றியும், சாணம் பொறுக்கப்போன பெண் கீழே வைத்த கூடையை மறுபடி தூக்க முடியாமற்போன கதையையே சொல்கிறார்கள். தெய்வம் நகர மறுக்கிறது. தான் இருக்கும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. அதே ஜனங்கள், பஞ்சத்துக்கும் பிழைப்புக்கும் ஊர்விட்டு ஊர் போகையில், குலதெய்வத்தின் கோயிலடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய்ப் புதிய ஊரில் பீடம் எழுப்பவும் செய்கிறார்கள். பிடிமண் கோயில் என்று அதற்குப் பெயர். மூலக்கோயிலில் சக்தி குறைந்து போனதாக அவர்கள் கருதுவதில்லை. புதிய பீடத்தில் இருப்பது பாதி என்றும் கருதுவதில்லை.

ஒன்று எப்படி இரண்டிடத்தில் முழுமையாக இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் தந்த விடை எனக்கு மிகவும் உவப்பானது. பரமபதத்து நிலையும் பாற்கடல் நிலையும் எட்டாத நீராகவும், அந்தர்யாமியாய் உள்ளிருத்தல் தோண்டினாலன்றிக் கிட்டாத நிலத்தடி நீராகவும், அவதாரங்கள் ஒரு காலத்தில் பெருகிப் போய்விட்ட ஆற்று வெள்ளமாகவும், கோயில் மூர்த்தியாக எழுந்தருளும் அர்ச்சாவதாரம் மட்டும் வெள்ளம் வடிந்தபின் ஆற்றிலேயே தேங்கி நின்று எவர்க்கும் கைக்கெட்டும் மடுக்களாகவும் அவர் காட்டுகிறார். வருஷத்தில் பாதிக்குமேல் மணலாய்க் கிடக்கும் வைப்பாற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த உவமைக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. மடு சிறிது, ஆனால் அதிலிருப்பது ஆற்று நீரேயன்றி ஆற்று நீரின் நகல் அன்று.

இணையத்தின் மூலஸ்தானங்களிலும் இதைப் போன்றதோர் ஏற்பாடு இருக்கிறது. ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பதின்மூன்று பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் தனக்கென எண் உண்டு; ஆனால் அந்த எண்களைப் பலவாகப் பகிர்ந்து தாங்கும் யந்திரங்கள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இயங்குகின்றன. ‘எஃப்’ என்னும் மூலத்தின் பிரதி ஒன்று நம் சென்னையிலும் நிறுவப்பட்டது. கேட்பவருக்கு எது வழியில் அண்மையோ அது மறுமொழி சொல்கிறது. வேறெங்கோ இருப்பதை நோக்கித் தாம் கேட்டதாகவே கேட்டவர் எண்ணிக்கொண்டிருக்கலாம், அதனால் விடை மாறுவதில்லை.

இந்த ஒப்புமையில் களித்து, யந்திரமும் தெய்வமும் ஒரே வழியில் எங்கும் இருக்கின்றன என்று முடித்துவிடுவோர் உண்டு. நான் அவர்களோடு போகமாட்டேன். போகவிடாமல் என்னைத் தடுப்பது சிவகாசியின் அச்சாபீஸ். அங்கே காலண்டருக்காக முருகன் படமும் லட்சுமி படமும் கட்டுக்கட்டாக அடிக்கப்பட்டு நாடெங்கும் போகின்றன. ஒரே தட்டில் ஒரே மையில் ஒரே நாளில் அச்சான படங்களில் நிறம் பிசகியது கழிவுக் காகிதமாகக் கட்டப்படுகிறது; ஒன்று கடைச் சுவரில் தேதி பார்க்கத் தொங்குகிறது; ஒன்று மட்டும் வருஷம் முடிந்தபின் தேதிக் கட்டை கிழித்தெறிந்துவிட்டுச் சட்டமிடப்பெற்று, சந்தனமும் குங்குமமும் ஏறி, ஒரு குடும்பம் தன் துயரங்களையெல்லாம் சொல்லி அழும் சந்நிதியாக நிற்கிறது. அச்சாபீஸின் கணக்கில் இவற்றுக்குள் பேதம் கிடையாது. பேதம் உண்டானது எதனால்? ஒருத்தி தினமும் விளக்கேற்றினாள், பெயர் சொல்லி அழைத்தாள், மறுமொழியை நம்பி வாழ்ந்தாள் என்பதால். பிரதி எடுப்பதனால் சாந்நித்தியம் உண்டாகாது; ஒருவர் பொறுப்பேற்று அங்கே இருப்பதனால்தான் உண்டாகும். ஆவாகனம் செய்வதற்கு ஒருவரும், நித்திய பூஜைக்கு ஒருவரும், எண்ணெய் வாங்குவதற்கு ஒருவரும் இல்லாத கோயிலை நாம் பாழ் என்கிறோம். கல் அப்படியேதான் இருக்கிறது.

யந்திரத்தின் மறுமொழிக்கு உள்ள எல்லையும் இங்கேயே தெரிகிறது. உலாவியின் மேல்வரியில் சிறு பூட்டுச் சின்னம் தோன்றினால் எல்லாம் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். மறுமொழி சொல்கிறவர் அந்தப் பெயரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர்தாம், நடுவழியில் ஒருவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்ற அளவுக்கே அது உறுதி தருகிறது. அவர் பேசுவது மெய்யா, அந்தப் பெயரைத் தாங்க அவருக்குத் தார்மிக உரிமை உண்டா என்று அது விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் முடியாது. அச்சங்குளம் என்ற பெயரை நாளைக்கு யாரும் எங்கிருந்தும் குத்தகைக்கு எடுத்து எதையும் எழுதலாம். பூட்டு அதற்கும் விழும்.

ஆகவே என் முடிபு இது: பெயர் யாருடையதோ அவர்களே அந்தப் பெயருக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும், இது யந்திர சாஸ்திரத்தின் விதி அன்று, தர்மத்தின் விதி. செய்தித்தாள்கள் பொய் எழுதின என்று நான் சொல்லவில்லை. அவை எழுதாவிட்டால் இறந்தவர்களைப் பற்றி வெளியுலகம் அறிந்தே இராது. ஆனால் அவற்றுக்கு அச்சங்குளம் ஒரு நாள். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது எல்லா நாளும். மாண்டவர்கள் அந்தச் செய்திகளில் தொகையாக வருகிறார்கள், அல்லது பெயர், வயது, கணவன் பெயர் என்ற மூன்று சொற்களாக. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எழுதினால், யார் நாற்று நடும்போது பாடுவார், யார் பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கச் சீட்டுக் கட்டிவந்தார் என்றெல்லாம் எழுதக்கூடும். எழுத மனமில்லாத குடும்பம் எழுதாமலே இருக்கவும் உரிமை உண்டு, அந்த மௌனத்துக்கும் பக்கத்தில் இடம் விட வேண்டும். பயராபீஸில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், உரிமம் பெற்றவரல்லாத ஒருவர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தினால் யாரிடம் முறையிடுவது என்பவற்றையும் அதே பக்கத்தில் தமிழில் போட்டு வைத்தால், வேலைக்குப் போகிறவர்கள் வண்டியில் ஏறுமுன் படித்துக்கொள்வார்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் பதியவும் இன்று வழியிருக்கிறது; ‘இந்தியா’ என்று தமிழில் முடியும் பெயர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வழி தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இல்லாமலில்லை. கல்லூரி போய் வந்த பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். குறை வேறிடத்தில் நேர்கிறது. உற்சாகத்தில் ஒருவர் தம் பெயரில் பதிவுசெய்து, வேலை கிடைத்துத் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்; மறுவருஷக் குத்தகைப் பணம் கட்டுவாரில்லை; அவகாசம் கழிந்ததும் பெயர் பொதுவில் விழுந்து, சூதாட்ட வியாபாரி ஒருவன் கைக்குப் போய்விடுகிறது. எண்ணெய் தீர்ந்த கோயில் பாழாவது போதாதென்று அங்கே வேறொருவன் கடையும் விரிக்கிறான். அந்த ஊர்களில் கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிறார்கள். எவ்வளவு ஏழ்மையிலும் அதைப் பாக்கி வைப்பது கௌரவக் குறைவு. பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாயும் இடத்துக்கு ஓரிரண்டு ஆயிரமும் அந்த வரியிலிருந்தே கொடுக்கட்டும். பதிவு ஒரு தனிமனிதரின் பெயரில் இல்லாமல் ஊரின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் ஊரைவிட்டுப் போகாத மூன்று பேருக்காவது தெரிந்திருக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எழுதியவற்றின் பிரதி ஒன்று ஊருக்குள்ளேயே ஒரு கணினியில் மாதந்தோறும் சேமிக்கப்படட்டும். பொங்கல் முடிந்து கணக்கு வாசிக்கிற அன்று, பந்தலுக்கும் மேளத்துக்கும் ரேடியோ செட்டுக்கும் ஆன செலவுகளோடு, ஊரின் பெயரை விழிப்பாக வைத்திருந்ததற்கான வாடகையையும் பற்றுச்சீட்டோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.